தமிழ் ராக் மேடையில் சொல் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மார்கழியில் தங்கள் நாளிதழ் சென்னை சபாக் கச்சேரிகளுக்கு நாள்தோறும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. எந்தப் பாடகர் நிரவலை அவசரமாக முடித்தார், யாருடைய தனி ஆவர்த்தனம் அளவுக்கு மீறி நீண்டது, எந்தக் கீர்த்தனையில் பதம் பிரிப்பதில் பிழை நேர்ந்தது என்றெல்லாம் தங்கள் விமர்சகர் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தேன். அதே மாதத்தில் இந்த நகரத்தில் நான்கு தமிழ் ராக் நிகழ்ச்சிகளுக்கு நான் சென்றுவந்தேன். அவற்றுள் ஒன்றுக்குத் தங்கள் நாளிதழில் இடம் கிடைத்தது. கையை உயர்த்தி ஆடும் இளைஞர்களின் படம் ஒன்றும், அதன்கீழ் ‘ரசிகர்கள் உற்சாகம்’ என்ற இரு சொற்களும் வெளியாகியிருந்தன. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன், உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் பாடியவர் என்ன பாடினார் என்பது அங்கே பாதிப் பேருக்குப் புரியவில்லை. அதை எவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெரம்பூரில் வசிக்கும் எனக்கு வயது 48. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். இந்த வயதில் இரவு நேரத்தில் கறுப்பு பனியன் போட்ட பிள்ளைகளுக்கு நடுவே போய் நிற்பானேன் என்று வீட்டில் கேட்காத நாளில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஐஐடி வளாகத்துச் சாரங் விழாவின் ராக் இரவுகளிலும், அடையாறில் அன்வைண்ட் சென்டர் என்ற இசை மையம் இருந்த காலத்தில் அங்கு நடந்த ‘ஜூன் ராக் அவுட்’ நிகழ்ச்சிகளிலும் தொடங்கிய பழக்கம். அன்றைய குழுக்களில் பல வெளிநாட்டுப் பாடல்களை அச்சு அசலாக வாசிப்பதையே பெருமையாகக் கொண்டிருந்தன. ‘அடுத்து எங்கள் சொந்தப் பாட்டு’ என்று மேடையில் அறிவித்தால், கூட்டத்தில் ஒரு பகுதி டீ குடிக்கக் கிளம்பிவிடும். அந்த அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டு சொந்தப் பாட்டையே விடாமல் வாசித்தவர்கள் வழியாகத்தான் ஸ்க்ராட், தி எஃப்16ஸ் போன்ற சென்னைக் குழுக்கள் நாடெங்கும் அறியப்பட்டன. அவர்கள் பாடுவது ஆங்கிலத்தில். 2012இல் தொடங்கிய எஃப்16ஸ், 2023இல் மும்பையில் நடந்த லொல்லபலூசா விழா மேடை வரை சென்றதைச் சென்னைக்காரன் என்ற முறையில் நான் கர்வத்துடனேயே சொல்லிக்கொள்வேன். ஆயினும் இக்கடிதம் அவர்களைப் பற்றியதன்று. தமிழில் பாடும் ராக் குழுக்களைப் பற்றியது. சுயாதீன இசை என்றும் தனியிசை என்றும் தங்களைப் போன்றவர்கள் எழுதுவதை ரசிகர்களாகிய நாங்கள் ‘இண்டி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

தமிழ்ச் சொல்லை ராக் தாளத்தில் உட்கார வைக்க முடியும் என்பதில் எனக்கிருந்த ஐயம் கபேர் வாசுகி, டென்மா என்ற இரு இசைக்கலைஞர்கள் சேர்ந்த குரங்கன் குழுவைக் கேட்டபோது பாதி தீர்ந்தது. மீதி தீர்ந்த நாள் எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறையாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்ற சொல்லிலிருந்து தன் பெயரைப் பெற்ற அந்தக் குழுவில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். கிதாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், கானா பாடகர்கள் ஒரு பக்கம், ராப் பாடுபவர் வேறொரு பக்கம். இத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒலிக்கும் மேடையில் ஒரு சொல்லும் தேறாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அதற்கு முன் ஒருமுறைகூடக் கேட்டிராத அந்தப் பாடல்களின் வரிகளை, மைதானத்தின் பின்வரிசையில் நின்றபடி நான் முழுமையாகப் பிடிக்க முடிந்தது. திரும்பும் வழியில் என் நண்பர் ஒரு பாட்டின் பல்லவியைப் பிழையின்றிப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நான் இசை இலக்கணம் பயின்றவன் அல்லன். கேட்டுக் கேட்டுத் தோன்றியதைச் சொல்கிறேன். கானா பாடுபவருக்குத் தாளத்துக்கும் பேச்சுக்கும் இடையே சண்டை கிடையாது. சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்து, தட்டுவதற்கு ஏதாவது கிடைத்தால் போதுமென்று பாடிவந்த மரபு அது. அவர் சொற்களை நெருக்கி அள்ளிக் கொட்டுவார். பிறகு ஓர் இடத்தில் நிறுத்துவார். ஆனால் குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவுமே சொல்வார். நம் மொழியில் ஓர் எழுத்தை இழுத்தால் சொல்லே மாறிவிடும் என்பதை அவருக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மேலும் அவர் பாடுவது பேச்சுத் தமிழ். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதும் சொல்லை ராக் தாளத்தின் இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் எப்படி நிறுத்துவது? ‘போயினுக்கிறேன்’ என்றால் தானாகவே நின்றுவிடுகிறது. இக்கடிதத்தை எழுத்துத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் நானே மேடையில் பேச்சுத் தமிழைத்தான் விரும்பிக் கேட்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது கடந்த மார்கழிக்கு வருகிறேன். நகரின் தென்பகுதியில் ஓர் உணவகத்தின் மேல்மாடி அது. குழுவின் பெயரையும் இடத்தின் பெயரையும் தவிர்க்கிறேன். நால்வரும் இளைஞர்கள், உழைப்பாளிகள், அவர்களை நோகடிப்பது என் நோக்கமன்று. நுழைவுக் கட்டணம் 499 ரூபாய். ஏறத்தாழ நூறு பேர் நின்றிருந்தோம். மூன்றாவது பாட்டுக்கு முன் பாடகர் மைக்கில் ஏதோ சொன்னார். அவர் பேசும்போதே கிதார்க்காரர் சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்ததால் அது காதில் விழவில்லை. பாட்டு தொடங்கியது. நல்ல மெட்டு. பல்லவி வந்தபோது ‘மாலை மேல மாழை’ என்று எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண் தன் தோழியிடம், “என்னடி, மாலையா?” என்றார். “பூமாலையா இருக்கும்,” என்றார் தோழி. நிகழ்ச்சி முடிந்தபின் பாடகரிடமே கேட்டேன். பல்லவி, ‘மலை மேல மழை’. அவர் ஊரில் கல் குவாரிக்காகப் பாதி வெட்டப்பட்ட ஒரு மலையைப் பற்றிய பாட்டு அது. அவருடைய தாத்தா ஆடு மேய்த்த மலை. மழை பெய்தால் இப்போது அந்தக் குழியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதாம். இதைத்தான் பாட்டுக்கு முன் மைக்கில் சொல்லியிருக்கிறார். இவ்வளவு பெரிய விஷயத்தைச் சுமந்து வந்த ஒரு பாட்டு நூறு பேருக்குப் பூமாலையாகப் போய்ச் சேர்ந்தது.

மெட்டை எப்படி அமைத்தீர்கள் என்று கேட்டேன். கிதாரில் வாசித்தபடி ஆங்கிலம் போன்ற ஒலிகளை முணுமுணுத்து மெட்டை முடித்துவிட்டு, பிறகு தமிழ்ச் சொற்களைப் பொருத்தினாராம். திரைப்படப் பாடலாசிரியர்கள் தத்தகாரத்துக்கு எழுதுவதைப் போன்றதுதான். ஆனால் தத்தகாரத்தில் ‘தன’வும் ‘தான’வும் வேறு வேறு, எங்கே குறில், எங்கே நெடில் என்பதை அதுவே சொல்லிவிடும். முணுமுணுப்புக்கு அந்தக் கணக்குக் கிடையாது. நீண்ட ஸ்வரம் விழுந்த இடத்தில் ‘ம’ வந்து அகப்பட்டுக்கொண்டது, ‘மா’ ஆகிவிட்டது. அருணகிரிநாதரின் திருப்புகழை அந்த இளைஞர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, பக்திக்காக அன்று. ஒவ்வோர் அடியிலும் குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் ஒரே ஒழுங்கில் விழும்படி எழுதப்பட்ட சந்தம் அது. டிரம்ஸ் வாசிப்பவர் கையில் கொடுத்தால் இன்றைக்கே தாளம் போட்டுவிடுவார்.

பாதிப் பழி மெட்டுக்கு என்றால், மீதி ஒலியமைப்புக்கு. அன்று இரண்டு பாட்டுகள் முடிந்த பிறகு நான் ஒலி அளவுகளைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர் மேசையின் அருகே போய் நின்றுகொண்டேன். அங்கே இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். குரலைச் சற்று ஏற்றக் கூடாதா என்று கேட்டேன். “சார், இதுக்கு மேல வாய்ஸை ஏத்தினா ஹவுலிங் அடிக்கும்,” என்றார். அவர் சொன்னது சரிதான். ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர், மறுபக்கம் வெறும் கான்கிரீட். திரையோ மெத்தையோ எதுவும் இல்லாத அறை. அந்த அறையில் டிரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை, அடித்தால் தெரு வரை கேட்கும். டிரம்ஸ் சத்தத்தில் தன் கிதார் தனக்கே கேட்கவில்லை என்று கிதார்க்காரர் தன் ஆம்ப்ளிஃபயரைத் திருகி ஏற்றுகிறார். உடனே பாஸ் கிதார்க்காரரும் ஏற்றுகிறார். டிரம்ஸ் வாசிப்பவர் இன்னும் ஓங்கி அடிக்கிறார். எல்லாரும் ஏற்றிக்கொண்டே போகலாம், பாடகர் ஒருவரைத் தவிர. அவர் குரலுக்கு ஓர் எல்லை உண்டு. மைக்கை ஏற்றினால், அவர் குரல் அவருக்கே கேட்பதற்காகக் காலடியில் இருக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மறுபடியும் மைக்கில் புகுந்து ‘கீ’ என்று அலறும். போதாக்குறைக்கு, அவருக்குப் பின்னால் டிரம்ஸில் இருக்கும் உலோகத் தகடான சிம்பலின் ஒலியும் அதே மைக்கில் ஏறுகிறது. குரலை உயர்த்த உயர்த்தச் சிம்பலும் சேர்ந்தே உயர்கிறது. இதற்கு மேசையில் வைத்தியம் இல்லை. மேடையில் இருக்கும் நால்வரும் சேர்ந்து சத்தத்தைக் குறைத்தால்தான் உண்டு. அந்தத் தம்பி நிகழ்ச்சிக்கு முன்பே இதைச் சொல்லிப் பார்த்தாராம். “குறைச்சா ஃபீல் போயிடும்னாங்க சார்,” என்று சிரித்தார்.

இதற்கு நேர்மாறான அனுபவம் பத்து நாள் கழித்து வடசென்னையில், ஒரு மைதானத்தில் கிடைத்தது. பறையும் டிரம்ஸும் கிதாரும் சேர்ந்த குழு. ஏழு மணி நிகழ்ச்சிக்கு ஆறரைக்கே போய்விட்டேன். மேடைக்குப் பின்னால் வைக்கோலை எரித்துப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மார்கழிப் பனி இறங்கினால் தோல் தளர்ந்துவிடும். காய்ச்சிய பறையை விரலால் சுண்டிப் பார்த்து, போதாது என்று மறுபடி தீயில் காட்டினார் மூத்தவர் ஒருவர். நிகழ்ச்சி நடக்கும்போதும் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை ஒரு பையன் ஒரு பறையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவதும், சூடான வேறொன்றைக் கொண்டுவந்து கொடுப்பதுமாக இருந்தான். மின்சாரக் கிதாருக்குப் பக்கத்தில் வைக்கோல் தீ. அந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

அந்தக் குழு ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்திருந்தது. பறையில் அடிக்குச்சி விழும் ஓசையும் டிரம்ஸில் ஸ்னேர் என்ற சிறிய டிரம் எழுப்பும் ஓசையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து காதில் அறையும். இரண்டும் சேர்ந்தால் பாடகரின் மெய்யெழுத்துகள் முழுதும் நசுங்கிவிடும். ஆகவே பறை ஒலிக்கும் பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர் ஸ்னேரைத் தொடவே இல்லை. காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் சிறிது சிம்பலும் மட்டும்தான். சரணம் வரும்போது பறைக்காரர் அடிக்குச்சியை நிறுத்திவிட்டு, இடக்கையின் நீண்ட சிண்டுக்குச்சியால் மட்டும் மெல்ல ஓட்டினார். அந்த இடைவெளியில் பாடிய பெண்ணின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்தது. ஒரு சரணத்தில் ஒரு தாய் தன் மகனின் செருப்பளவைச் சொல்வாள். முன்வரிசையில் பாட்டிமார் இருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ராக் என்றால் என்னவென்று தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. குறை என்று சொன்னால், கடைசி இரண்டு பாட்டுகளில் வேகம் கூடிக்கொண்டே போய்ப் பறையும் பாஸ் கிதாரும் அரைத் தட்டு விலகிவிட்டன. திரும்பச் சேர நான்கு சுற்று ஆயிற்று. சபாவில் இப்படி நடந்திருந்தால் மறுநாள் தங்கள் பக்கத்தில் வந்திருக்கும்.

வெளிநாட்டுக் குழுக்களின் மேடையில் சொல் கேட்கிறதா என்று சிலர் என்னிடம் வாதிடுவதுண்டு. 2023 ஜனவரியில் அதே லொல்லபலூசா விழாவுக்காக மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்துக்குப் போயிருந்தேன். நியூயார்க்கின் தி ஸ்ட்ரோக்ஸ் குழுவுக்காகவே போனேன். இரண்டு கிதார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும் அழகை நேரில் கேட்டது என் வாழ்வின் நல்ல இரவுகளில் ஒன்று. அக்குழுவின் பாடகர் ஜூலியன் காசாபிளாங்காஸின் குரல் தெளிவாக இருக்காது. 2001இல் வந்த முதல் ஆல்பத்திலேயே அதைச் சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் வழியாகச் செலுத்தி, வேண்டுமென்றே கரகரப்பாக்கிப் பதிவு செய்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த மைதானத்தில் நின்றவர்கள் இருபது ஆண்டுகளாக அந்த வரிகளை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள்; பாடகர் வாயைத் திறக்காவிட்டாலும் அவர்களே பாடியிருப்பார்கள். உணவகத்து மேல்மாடியில் நின்ற நாங்கள் அப்படி அல்ல. மலையைப் பற்றிய அந்தப் பாட்டு எந்தத் தளத்திலும் இன்னும் வெளியாகவில்லை. அன்றுதான் முதல்முறை கேட்கிறோம். நம்மூர்க் குழுக்கள் ஸ்ட்ரோக்ஸிடமிருந்து கரகரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த இருபது ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு மணி என்று அச்சிட்ட நிகழ்ச்சி எட்டே முக்காலுக்குத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருப்பது. அது அமைப்பாளர்களுக்கும் தெரியும். மணி பத்து அடிக்கக் காவலர் வந்து நிற்பார், கடைசி மூன்று பாட்டுகள் காணாமல் போகும். பிறகு நான் கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். இதைவிட மோசமாக ஒருமுறை, வெளிநாட்டுக் குழு ஒன்றைக் கேட்க விடுப்பெடுத்துப் பெங்களூருவுக்குப் போய் இறங்கிய பிறகு, நிகழ்ச்சி ரத்து என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. பணம் திரும்பக் கிடைத்தது, ரயில் கட்டணம் போனது போனதுதான். மசால் தோசை சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

நான் தங்களிடம் கேட்பது விளம்பரம் அன்று. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியபோது, இந்த மாதத்தின் இசை என்றால் சபா இசை மட்டும்தானா என்ற கேள்வி எழுந்தது. செய்தியாளர்கள் அதைச் சரியாகவே எழுதினார்கள். ஆனால் செய்தியோடு நின்றுவிட்டார்கள். யார் வந்தார்கள், எத்தனை பேர் கூடினார்கள், மேடையில் என்ன அரசியல் பேசப்பட்டது என்பதெல்லாம் வந்தது; பாடியது எப்படி இருந்தது என்பது வரவில்லை. ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதிய காலத்திலிருந்து, கச்சேரிக்குப் போய் உட்கார்ந்து கேட்டு, நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது என்றும் இல்லையென்றால் இல்லையென்றும் நகைச்சுவையோடு சொல்லும் வழக்கம் தமிழ் இதழ்களுக்கு உண்டு. அந்த வழக்கம் ஏன் ராக் மேடையின் படிக்கட்டில் நின்றுவிட வேண்டும்? இந்த இளைஞர்களை வெறுமனே பாராட்டிக்கொண்டிருப்பது அவர்களைக் குழந்தைகளாக நடத்துவது போன்றது. அந்தப் பாடகரிடம் ‘மலை’ ‘மாலை’யாகக் கேட்டது என்று நான் சொன்னபோது, இதுவரை ஐந்து மேடைகளில் அதைப் பாடியும் எவரும் தன்னிடம் அப்படிச் சொல்லவில்லை என்றார். முகம் வாடித்தான் போனது. ஆனால் கிளம்பும்முன் என் எண்ணை வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கிதார் மட்டும், டிரம்ஸ் இல்லை. பல்லவியின் நீண்ட ஸ்வரத்தை ‘மேல’ என்ற சொல்லின் முதலெழுத்துக்கு நகர்த்தியிருக்கிறார். ‘மலை’யும் ‘மழை’யும் இப்போது தட்டுக்கொன்றாகச் சுருக்கென்று விழுகின்றன. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, ஒரு கல்லூரி அரங்கில் அதைப் பாடப் போகிறார்களாம். இடம், நேரம், அழைப்பிதழ் ஆகியவற்றை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் இசை விமர்சகர் வர இயலுமானால் வாசலில் நானே காத்திருந்து அழைத்துச் செல்வேன். ஏழு மணி என்று போட்டிருக்கிறார்கள். எட்டரைக்கு வந்தால் போதும்.

பக்க அளவு கருதி இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் பெங்களூரு சமாசாரத்தை நீக்கிவிடலாம். மிக்ஸர் மேசையில் இருந்த தம்பி சொன்னதை மட்டும் நீக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பெரம்பூர், சென்னை - 11